நோர்டாலுக்குத் தாமதமாக வரும் படங்கள்

ஹாலிவுட், கலிபோர்னியா
12 மார்ச் 1922

அன்புள்ள ரக்னா அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். உன் முதுகு வலி குறைந்ததா? அங்கே இன்னும் பனி விலகியிருக்காது. இங்கே ஆரஞ்சு மரங்கள் பூத்து, தெருவே கல்யாண வீடு மாதிரி மணக்கிறது.

எனக்கு வேலை நிலைத்துவிட்டது, அக்கா. இத்தனை நாள் கூட்டத்தில் ஒருவனாக ஓடிக்கொண்டிருந்தவனைக் கம்பெனி கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கையோடு பெயரையும் மாற்றிவிட்டார்கள். "ஹால்வர் ப்ராட்டனா? வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கேப்பா!" என்றார் மேனேஜர். இனி நான் டெரன்ஸ் லைல். நீ மட்டும் ஹால்வர் என்றே விலாசம் எழுது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் டோன்யா எலோடியாவுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். மெக்சிகோக்காரர்; டோன்யா என்றால் அவர்கள் பாஷையில் அம்மாள். அவர் வாயில் நான் "ஆல்போர்".

காலையில் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, உதட்டில் கறுப்பு, கண்ணோரம் மை. கண்ணாடியில் பார்த்தால் செத்தவனைக் குளிப்பாட்டி உட்காரவைத்த மாதிரி இருக்கிறது. திரையில் மட்டும் எப்படியோ உயிர் வந்துவிடுகிறது.

அப்பாவிடம் இதைச் சொல் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. "மூஞ்சில சாயம் பூசுறவன் என் பையன் இல்ல" என்று அவர் களத்தில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் எனக்கென்று வளர்த்துக் கொடுத்த குதிரையை விற்றுத்தானே ரயில் ஏறினேன். அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, அதை மட்டும் எழுது.

உன் தம்பி
ஹால்வர்


நோர்டால், வடக்கு டகோட்டா
28 மே 1922

அன்புத் தம்பி ஹால்வருக்கு,

அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். கோதுமை விதைத்தாயிற்று. என் முதுகு, விதைப்பு முடிந்ததும் தானாகவே சரியாகிவிட்டது.

உன் படம் இங்கே வந்தது! மாக்னுஸ் தன் பழைய தானியக் கிடங்கில் வெள்ளைத் துணி கட்டிச் சனிக்கிழமை மத்தியானங்களில் படம் ஓட்டுகிறான். நீ கொள்ளைக்காரனாக வந்தாய். கதாநாயகன் சுட்டதும் குதிரையிலிருந்து விழுந்து செத்தாய். பக்கத்துப் பண்ணை குன்ஹில்ட் அத்தை எழுந்து நின்று, "எந்திரிடா ஹால்வர்! உனக்கு ஒண்ணும் படல, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!" என்று கத்தினாள். கிடங்கே சிரித்தது.

ஆனால் படம் பூராவும் மழை. கலிபோர்னியாவில் மழையே இல்லை என்றாயே? மாக்னுஸிடம் கேட்டேன். மழை இல்லையாம், ரீலில் விழுந்த கீறலாம். ஊரெல்லாம் ஓட்டித் தேய்த்த பிறகுதான் நோர்டாலுக்கு அனுப்புகிறார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "யாரு அது?" என்றார். அடுத்த கிழங்கை எடுத்தவர், "என்ன குதிரை?" என்று கேட்டார்.

"வெள்ளைக் குதிரைப்பா."

"ஒழுங்கா ஏறுறானா?"

"ஒழுங்கா விழுறான்."

மீசை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். சாப்பாடும் தூக்கமும் குறைவில்லை.

உன் அக்கா
ரக்னா


ஹாலிவுட்
17 செப்டம்பர் 1922

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கண்தான் எரிகிறது. ஸ்டுடியோ விளக்குகள் சூரியனைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி. மாலையில் டோன்யா எலோடியா உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைத்துக் கட்டுகிறார். "ஆல்போர், இந்த வேலைக்கு நீ உருளைக்கிழங்கே விவசாயம் பண்ணிருக்கலாம்" என்கிறார்.

ஒரு படம் முடியும் முன்பே அடுத்த படம். இப்போது நான் சாவதில்லை அக்கா, கடைசியில் பெண்ணைக் கைப்பிடிப்பவன் நான்தான். முன்பின் தெரியாத பெண்கள் கடிதம் எழுதுகிறார்கள். ஒருத்தி என் கன்னத்தைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தாள்! அம்மாவின் கன்னம் அது என்று அவளுக்குத் தெரியுமா?

அடுத்ததாகக் கப்பல் தீப்பிடிக்கும் பெரிய படம். அது முடிந்ததும் கிறிஸ்துமஸுக்கு நான் வருகிறேன். நிச்சயமாக வருகிறேன். அப்பா கதவைச் சாத்தினால் மாட்டுக் கொட்டிலில் படுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
ஹால்வர்


நோர்டால்
9 நவம்பர் 1922

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் உன் அறையில் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தால் ஜன்னல் சட்டத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். "காத்து வருது. வீடு கெட்டுப்போகும்" என்றார். நேற்று உன் மெத்தையை வெயிலில் போட்டிருந்தார். அதற்கு அவரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று காலையில், என் முகத்தைப் பார்க்காமல், "சாயத்தைக் கழுவிட்டுத்தானே வருவான்?" என்றார்.

ஸ்டேஷனுக்குப் பனிச் சறுக்கு வண்டியை அவரே ஓட்டி வருவாராம். கம்பளிக் கோட்டு கொண்டு வா. கலிபோர்னியாச் சட்டையோடு இறங்கி மானத்தை வாங்காதே.

ரக்னா


ஹாலிவுட்
20 ஜனவரி 1923

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. கை சுளுக்கியிருப்பதால் டோன்யா எலோடியாவின் மகள் எழுதித் தருகிறாள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாமல் போயிற்று. வேலை அதிகம். அப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹால்வர்


நோர்டால்
15 ஏப்ரல் 1923

தம்பி ஹால்வருக்கு,

இங்கே சுகம். உன் கை இதற்குள் ஆறியிருக்கும்.

கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இரண்டே வரி, அதுவும் யாரோ எழுதினது! அப்பா ஸ்டேஷனில் அந்தக் குளிரில் நின்றார். அடுத்த ரயிலுக்கும் நின்றார். மறுநாளும் போனார். வீட்டுக்கு வந்து, உனக்கென்று வைத்திருந்த லெஃப்சே ரொட்டியை அவரே உட்கார்ந்து தின்று தீர்த்தார்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் படத்துக்குக் கிளம்பினேன். அப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "மாக்னுஸ்கிட்ட ஏர்க்கொழு கேக்கணும்" என்று கூடவே வந்தார். ஏர்க்கொழுவும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றார். திரையில் உன் முகம் வந்தது, களஞ்சியக் கதவு அகலத்துக்கு. தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நீ ஏதோ பேசினாய். ஊமைப் படமாச்சே, நீ பேசினது திரையில் எழுத்தாக வந்தது. அவருக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே. "என்ன சொல்றான்?" என்றார். அங்கே எழுதியிருந்தது, "சீமாட்டியே, உங்கள் வைரங்கள் என்னிடம் இல்லை." நான் என்ன செய்தேன் தெரியுமா? "சௌக்கியமா இருக்கீங்களாப்பான்னு கேக்குறான்" என்றேன்.

அவர் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே, "ம்... இருக்கேன், இருக்கேன்" என்றார்.

அதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறுவதில்லை. நீ சண்டை போட்டாலும், காதலித்தாலும், அப்பாவிடம் கோதுமை விலைதான் விசாரிக்கிறாய். குன்ஹில்ட் அத்தை என்னைக் கிள்ளுகிறாள், காட்டிக்கொடுக்கமாட்டாள். பாவம் அவரை ஏமாற்றுகிறேன் என்று எனக்கே சில நேரம் கஷ்டமாக இருக்கிறது.

ரக்னா


ஹாலிவுட்
3 ஜூன் 1923

அன்புள்ள அக்கா,

நான் சுகமாகவே இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சுளுக்கு முழுக்க விடவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அப்பா எந்தப் பக்கம் நின்றார்? நான் சிரித்தபோது அவரும் சிரித்தாரா? நான் எப்படி இருந்தேன்? ஒன்றுவிடாமல் எழுது.

போன வருடம் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. நோர்டாலுக்கு அவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒன்று கேட்கிறேன். லாயத்துக் கதவில் சாய்ந்து நின்று நான் நெடுநேரம் பேசும் படம் ஒன்று வரும். நீ கோதுமை விலையை விட்டுவிட்டு அப்போது இதைச் சொல்: "அப்பா, குதிரையை வித்தது தப்புதான். உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

ஒரு படத்தில் தொப்பியைக் கழற்றி வணங்குவேன். அப்போது, "அம்மா சாவுக்கு வர முடியாமப் போச்சு. அத நெனச்சு நான் அழாத நாள் இல்ல" என்று சொல்.

அவர் என்ன பதில் சொல்கிறார் என்று எழுது. நீ இங்கே வருகிற யோசனை எதுவும் வைத்துக்கொள்ளாதே. வீடு சின்னது, வசதிப்படாது.

ஹால்வர்


நோர்டால்
11 நவம்பர் 1923

அன்புத் தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பா நன்றாக இல்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். லாயத்துப் படம் ஆகஸ்டில் வந்தது. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா திரையைப் பார்த்து, "அத மறுவருஷமே திருப்பி வாங்கிட்டேன்டா, மடையா" என்றார். உண்மைதான் ஹால்வர். நீ விற்ற ஆளைத் தேடிப் போய் வாங்கி வந்தார். குதிரை நம் கொட்டிலில்தான் நிற்கிறது. உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அம்மா சாவு பற்றியும் அப்பாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை.

அறுவடையிலிருந்தே அவருக்கு வயிற்றில் வலி. டாக்டர் உள்ளே கட்டி என்கிறார். விதைப்பு வரை தாங்குவது சந்தேகமாம். நாள் முழுக்க ஜன்னல் பக்கம் படுத்திருக்கிறார். நேற்று, "சாயத்தோட வந்தாலும் சரி, வரட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்திருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன எழுத வேண்டும்?

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை உன் கலங்கரை விளக்கத்துப் படம் வருகிறதாம். அதற்குள் நீயே வந்துவிடு. வா, தம்பி.

ரக்னா


ஹாலிவுட்
2 டிசம்பர் 1923

அன்புள்ள அக்கா,

அப்பாவின் உடம்பை நினைத்து மனம் ஓயவில்லை.

என்னால் வர முடியாது. ஒப்பந்தம் விடாது. காரணம் கேட்காதே.

கலங்கரை விளக்கத்துப் படம்தான் என்னுடைய கடைசி. அதற்குப் பிறகு அங்கே என் படம் எதுவும் வராது. அதில் படியேறிப் போகிறவன் பாதியில் திரும்பி, நேராக நம்மையே பார்ப்பேன். அப்போது அப்பாவிடம் கேள்: "எனக்கு உங்கமேல கோபம் இல்லப்பா. உங்களுக்கு என்மேல இருக்கா?"

ஹால்வர்


நோர்டால்
24 பிப்ரவரி 1924

ஹால்வருக்கு,

அப்பா போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். தரை பனியில் இறுகிக் கிடந்தது. நெருப்பு மூட்டி இளக்கித்தான் தோண்டினார்கள்.

நீ கேட்ட பதிலை எழுதிவிட்டு என் கடமையை முடித்துக்கொள்கிறேன்.

கலங்கரை விளக்கத்துப் படம் வந்த அன்றைக்கு அவரால் உட்காரக்கூட முடியாது. ஆனாலும் போகணும் என்றார். மாக்னுஸ் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் வைத்தான். நீ படியில் திரும்பிப் பார்த்தாய். நீ கேட்கச் சொன்னதை அவரிடம் கேட்டேன்.  அப்பா என் தோளைப் பிடித்து எழுந்தார். "மாக்னுஸ், படத்த நிறுத்தாதடா" என்று குன்ஹில்ட் அத்தை பின்னால் கத்தினாள். அவர் ஒவ்வொரு அடியாகத் திரைவரை நடந்தார். உன் கன்னத்தில் கையை வைத்தார். தடவிக்கொடுத்தார். உன் முகம் அவர் கைமேலும் முதுகுமேலும் விழுந்தது. ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி, "துணிடி இது. ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில், "இத்தன நாளா நீதானே பேசின. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? போகட்டும், நல்லாத்தான் பேசின. படம் போதும் ரக்னா. பையனை வரச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை.

உன் கடைசிக் கடிதம் அவர் தலைமாட்டில்தான் இருந்தது. "ஒப்பந்தம் விடாது." அந்த ஒப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு நன்றாக இரு. இனி எனக்கு எழுதாதே.

ரக்னா ப்ராட்டன்


ஹாலிவுட்
6 ஏப்ரல் 1924

அம்மா ரக்னாவுக்கு,

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். நான் எலோடியா சல்சீடோ. உன் தம்பிக்குச் சோறு போடுகிறவள். நான் சொல்லச் சொல்ல என் மகள் இங்கிலீஷில் எழுதுகிறாள். உன் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் கோபிப்பான், கோபிக்கட்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அவன் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று என் மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். உனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் அந்தக் கப்பல் படம் எடுத்தார்கள். கப்பல் பாயில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவன் நடுவிலிருந்து ஓடி வர வேண்டும். நல்லபடியாக ஓடி வந்தான். "பிரமாதம், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார் டைரக்டர். அந்த ஒரு தடவை பாய் அவன்மேல் விழுந்துவிட்டது. முகத்தில் பூசியிருந்த பூச்சும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. வெந்துபோன வலது கை எப்படியோ பிழைத்தது. வலது கண் போய்விட்டது. முகம், அம்மா, நான் அதை எழுதச் சொல்லமாட்டேன். என் மகள் இப்போதே அழுகிறாள்.

கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டது. இப்போது அவன் மற்ற நடிகர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டி, அவர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுகிறான். "ஏன்டா இத ஊருக்கு எழுதல?" என்று கேட்டேன். "அங்க நான் இன்னும் நல்லாத்தான் இருக்கேன் டோன்யா. வாரா வாரம் அப்பா வந்து பாக்குறாரு" என்றான். உன் கடிதங்களைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பான். அவன் சிரிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்கள் பார்த்தால் சிரிப்பு என்று தெரியாது.

இன்னும் ஒன்று. ஜனவரியில் அவன் உங்கள் ஊருக்கு வந்தான்.

ஆமாம், வந்தான். நான்தான் திட்டி அனுப்பினேன். வீட்டுக்குப் போனானாம், யாரும் இல்லையாம். ஊரே படம் பார்க்கப் போயிருந்ததாம். மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றானாம். படம் முடிந்ததும் அப்பா முன்னால் போய் நிற்கத்தான் நினைத்தானாம். ஆனால் உங்கள் அப்பா எழுந்து போய் அந்தக் கன்னத்தைத் தடவியதைப் பார்த்துவிட்டான். "எவ்ளோ ஆசையாத் தடவினாரு தெரியுமா டோன்யா? அந்தக் கையைப் பிடிச்சு இங்க எப்படி வைக்கச் சொல்றது?" என்று தன் முகத்தைக் காட்டினான். அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டான்.

அவர் "ஜில்லுன்னு இருக்கு" என்று சொன்னது அவன் காதில் விழவில்லை, அம்மா. உன் கடிதத்தில்தான் படித்தான்.

எலோடியா


நோர்டால்
4 மே 1924

என் தம்பி ஹால்வருக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை கடிதத்திலும் கேட்டேன். எல்லாவற்றிலும் சுகம் என்று எழுதினாய். இந்தத் தடவை கேட்கவில்லை.

டோன்யா எலோடியா எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே. கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் உனக்கு வலிக்கும். சொல்லாவிட்டால், அப்பா உன்னைப் பார்க்காமலே போய்விட்டார் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாய்.

படம் முடிந்து அப்பாவை வண்டியில் ஏற்றினோம். மாக்னுஸ் கம்பளியைப் போர்த்திவிட்டான். கிளம்பியதும் அப்பா, "கதவோரம் நின்னானே, மப்ளரு சுத்திக்கிட்டு, அவன் யாரு?" என்றார். நான் கவனிக்கவில்லை. "யாராவது ரயில்வே ஆளா இருக்கும்பா" என்றேன்.

"ரயில்வே ஆளு தோளு அப்படி இருக்காது."

ஸ்டேஷன் பக்கம் வந்ததும், "நிறுத்து, அதோ போறான்" என்றார். பனியில் ஒருவன் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். அப்பாவைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று நான் இறங்கிக் கொஞ்ச தூரம் போய், "ஐயா!" என்று கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. இன்னும் வேகமாக நடந்தாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், ஹால்வர். பத்தடி தூரத்தில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்கு வந்து, "யாரோ வெளியூர்க்காரன்பா" என்றேன். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னார், "படம் போதும் ரக்னா. பையனை வரச் சொல்லு" என்று.

உனக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "சரிப்பா, நாளைக்கே எழுதுறேன்" என்று குதிரையைத் தட்டிவிட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் அதையும் எழுதவில்லை. ஆனால் அவர் சொன்னது அது இல்லை. பிளாட்பாரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். வளைவு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கழுத்து வலிக்கும், நேராகப் படுங்கள் என்று கடிந்துகொண்டேன்.

விதைப்பை மாக்னுஸின் அண்ணனிடம் விட்டிருக்கிறேன். குன்ஹில்ட் அத்தை மாடுகளைப் பார்த்துக்கொள்வாள். இந்த மாதம் இருபதாம் தேதி ரயிலில் கிளம்பி, நான்காம் நாள் அங்கே வந்து சேருவேன். வீடு சின்னது, வசதிப்படாது என்று மறுபடியும் எழுதாதே. டோன்யாவின் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வா. வெயில் ஊரில் மப்ளர் எதற்கு? அது இல்லாமல் வா.

உன் அக்கா
ரக்னா